வெளிச்சம் தூக்கிப்போன ஓட்டுநர்

பணிமனை மேலாளரின் அறையில் மின்விசிறி கடகடவென்று சுற்றுகிறது. ஜன்னல் கம்பிகளின் நிழல் மேசைமேல் சாய்ந்து கிடக்கிறது. பயணிகளோடு பேருந்தை நடுவழியில் விட்டுவிட்டு மாயமான ஓட்டுநரை விசாரிக்கிறார்கள். வேலை போனாலும் போய்விடும். பக்கத்தில் அவர் மனைவி கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறாள். "வானத்துலேர்ந்து வெளிச்சம் இறங்கி இவரை அலாக்கா தூக்கிட்டுப் போயிடுச்சு சார். தட்டு மாதிரி ஒண்ணு. என் ரெண்டு கண்ணால பாத்தேன்," என்கிறார் பயணியாக வந்த முடிதிருத்துபவர். "தட்டு இல்லைங்க, முட்டை மாதிரி," என்று திருத்துகிறார் பின்சீட்டில் இருந்த நர்ஸ். நடத்துநருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வருகிறது. "தட்டும் இல்லை, முட்டையும் இல்லை. அண்ணன் தானா இறங்கிச் சோளக்காட்டுக்குள்ள நடந்து போனாரு. சாயங்காலம் தேடிப் போனா அங்கதான் உக்காந்திருந்தாரு." மூவரும் ஒரே நேரத்தில் பேச, மேலாளர் மேசையைத் தட்டுகிறார். வீட்டிலும் இதே கதைதான். வந்தவர் போனவரெல்லாம் அது என்ன நிறம், உள்ளே யார் இருந்தார்கள் என்று துளைத்தெடுத்துவிட்டார்கள். யாரை நம்புவதென்று மனைவிக்கும் தெரியவில்லை. அவள் கணவரின் கையைத்தான் பார்க்கிறாள். கையிலுள்ள டம்ளர் நடுங்கித் தண்ணீர் முழுக்கச் சட்டையில் கொட்டுகிறது. அது அவருக்குத் தெரியவே இல்லை. டம்ளரை மெல்ல வாங்கிக்கொண்டு, "ரொம்பப் பயந்துட்டீங்களா?" என்று கேட்கிறாள். அறை சட்டென்று அடங்குகிறது. "ஆமாம்மா," என்கிறார் அவர். "மறுபடி உன்னைப் பாக்கவே முடியாதுன்னு நினைச்சேன்." நடத்துநர்தான் எழுந்து வந்து, அவள் கையிலிருந்த டம்ளரை வாங்கிக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போகிறார்.