இரண்டு பாட்டில்

ஏதென்ஸிலிருந்து பரோஸ் தீவுக்கு வந்து ஸ்டமாட்டிஸ் ஒயின் கடை திறந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. கறுப்பு உடையில் வந்த கல்லிரோயி அம்மாள் மூன்று சிவப்பு ஒயின்களை ருசி பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

“வீட்ல விருந்தாம்மா?”

“என் பையனுக்குத்தான், தம்பி. மூணு வருஷம் கழிச்சு நாளைக்குத்தான் பார்க்கப்போறேன். மட்டமானது வாங்கிட்டுப் போனா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவான்.”

பையன் கப்பலில் வேலை பார்க்கிறான் போலிருக்கிறது என்று ஸ்டமாட்டிஸ் நினைத்துக்கொண்டான்.

நான்காவதை நாக்கில் வைத்ததும் அவள் முகம் மாறியது. “இதுதான். ரெண்டு குடு.”

“ஒரு ஆளுக்கு ரெண்டு பாட்டிலா?”

“ஆறடி உசரம், தம்பி, அவன். ஒண்ணு பத்தாது.”

அவன் சிரித்துக்கொண்டே பாட்டில்களோடு இரண்டு கண்ணாடிக் கோப்பைகளையும் பையில் வைத்தான். “இது என் அன்பளிப்பு. ரெண்டு பேரும் உட்கார்ந்து குடிங்க.”

அவள் கோப்பைகளை எடுத்து மேஜைமேல் திரும்ப வைத்தாள்.

“காலையில பாதிரியார் வந்துடுவாரு. புதைச்சு மூணு வருஷம் ஆனதும் குழியைத் தோண்டி எலும்பை எடுத்து ஒயின்ல கழுவித்தானே பெட்டியில வைக்கணும்? தலையை மட்டும் நானே கழுவுறேன்னு சொல்லியிருக்கேன்.”