ஒரு நூல் மாறாத நிறம்

மலேசியாவின் கூலிம் ஊரிலேயே விலை உயர்ந்த கேமரா செலஸ்டினுடையது. அதற்கேற்ற தலைக்கனமும் உண்டு. சத்தியசீலனின் சின்னப் படக்கடைக்குள் நுழைந்ததுமே முகத்தைச் சுளித்தான்.

"இந்த மலிவுச் சாமானெல்லாம் ஒரு கேமராவா, தம்பி? கறுப்பு ஆளைப் பிடிச்சா வெள்ளைக்காரனா வர்றான். என்னுதுல நிறம் ஒரு நூல் மாறாது லா!"

"ஆமாண்ணே. ஆனா சம்பந்தம் பேசுறவங்க எல்லாம் இங்கதானே வர்றாங்க."

"நிறத்துல பொய் சொல்லிக் கட்டுறதெல்லாம் ஒரு கல்யாணமா? வெட்கங்கெட்ட ஜென்மங்க!"

"சரிண்ணே, நீங்க என்ன விஷயமா வந்தீங்க?"

செலஸ்டின் தெருவை எட்டிப் பார்த்தான். கதவைச் சாத்திவிட்டு வந்து ஸ்டூலில் உட்கார்ந்து, தலையைச் சீவிக்கொண்டான்.

"அலோர் ஸ்டார்ல ஒரு பொண்ணு வீட்டுக்கு என் படம் அனுப்பணும். நானே எடுத்ததைப் பார்த்து மூணு வீட்டுல வேணாம்னுட்டாங்க. ம், சீக்கிரம் பிடி!"