முதலில் முகவரி

பாட்டை நிறுத்தக்கூடாது.

அதை மட்டும்தான் மிஸஸ் ஜான்ஸ் சொல்லிவிட்டுப் போனார். முன்கூடத்தில் வானொலி முழுச் சத்தத்தில் அலறியது. அவர் வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

வெள்ளைக்கார வழிவந்த பறங்கிப் பெண்மணி. வீட்டுக்காரி. கொழும்பில் கலவரம். தெருவில் கூட்டமாக வருகிறவர்கள் தமிழ் வீடுகளைத் தேடிக் கொளுத்துகிறார்கள். றொக் அண்ட் றோல் அதிருகிற வீட்டில் தமிழர் இருப்பார்கள் என்று யார் நினைப்பார்கள்?

பின் அறையில் வாடகைக்கு இருந்த அவளும் அம்மாவும் சமையலறைக்கு அப்பால், விறகு அடுக்கிய இருட்டுக்குள் குந்தியிருந்தார்கள். அப்பா யாழ்ப்பாணம் போயிருந்தார். எங்கோ ரப்பர் எரியும் நாற்றம் வந்தது.

முன்பக்கம் கேற் திறக்கும் சத்தம்.

அப்போதுதான் இன்று புதன்கிழமை என்பது அவளுக்கு உறைத்தது.

புதன் பின்னேரம் ஓஸ்வால்ட் அங்கிளின் நேரம்.

கொழும்பில் பள்ளிக்கூடம் போன பிள்ளைகளுக்கெல்லாம் அந்த மனிதர் மேல் பைத்தியம். ஊரில் யாரும் கேட்டிராத பாட்டுகளை அவர்தான் முதலில் போட்டார். இசைத்தட்டை அவர் ஊதித் தூசி தட்டுவதுகூட வானொலியில் கேட்கும். அப்பா அவற்றைப் பேய் பிடித்த பாட்டு என்பார். ஆனால் அவருடைய கால் தாளம் போடும்.

தமிழ்ப் பெயர்களை அங்கிள் ஒருநாளும் கடித்துத் துப்பியதில்லை. யோகேஸ்வரி என்ற அவளுடைய பெயர் ஆங்கில ரீச்சருக்கே வாயில் வராது. அவருக்கு வரும்.

பாட்டுகளுக்கு நடுவே பிறந்தநாள் வாழ்த்து. அதிலும் அவருக்கு ஒரு விளையாட்டு. முதலில் முகவரி. பிறகு ஒரு மௌனம். அந்தத் தெருப் பிள்ளைகள் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அதன் பிறகுதான் பெயர்.

தை மாதம் சிநேகிதி திலகாவுக்கு அப்படி வாழ்த்து வந்தது. அன்றிலிருந்து அவளுக்கும் ஆசை. இருவரும் சேர்ந்துதான் தபாலட்டை எழுதினார்கள். வீட்டு இலக்கம், ஒழுங்கை, மிஸஸ் ஜான்ஸ் வீட்டில் என்ற குறிப்பு, முழுப் பெயர். ஒன்றையும் விடவில்லை.

இன்று அவளுக்குப் பதினைந்து வயது.

"அம்மா, என்ர பேர் வரப்போகுது."

"என்ன பேர்?"

"றேடியோவில. விலாசத்தோட."

அம்மாவின் கை அவள் வாயைப் பொத்தியது.

நிறுத்தினால் சந்தேகப்படுவார்கள். நிறுத்தாவிட்டால் பெயர் வந்துவிடும். வாசலில் இருக்கும் மிஸஸ் ஜான்ஸுக்குச் சொல்லவும் வழியில்லை.

பாட்டு முடிந்தது.

இங்கே யார் இருக்கிறார்கள் என்று ஒரு குரல் சிங்களத்தில் கேட்டது. எங்கள் ஆட்கள்தான் என்றார் மிஸஸ் ஜான்ஸ்.

வானொலியில் அங்கிள் தொண்டையைச் செருமினார். இலக்கம் ஒன்பது என்றார். ஒழுங்கையின் பெயரைச் சொன்னார். மிஸஸ் ஜான்ஸ் வீட்டில் என்றார்.

வாசலில் பேச்சு நின்றது. ஆங்கிலம் தெரிந்த ஒருவன் மற்றவர்களிடம், இந்த வீடுதான் என்றான்.

மௌனம்.

எத்தனையோ புதன்கிழமைகள் அவள் ஆசைப்பட்டுக் கேட்ட மௌனம். இன்று அதற்குள் செத்துவிடுவாள் போலிருந்தது.

"யோலண்ட்," என்றார் அங்கிள். "யோலண்ட் ஜான்ஸ்."

மிஸஸ் ஜான்ஸ் உரக்கச் சிரித்தார். என் பேத்தி, இன்றைக்குப் பார்த்து ஊரைக் கொளுத்துகிறீர்கள், கேக் வாங்கக்கூடக் கடை இல்லை என்று சிங்களத்தில் ஏசத் தொடங்கினார். ஏச்சு நீண்டுகொண்டே போனது. ஒருவன் மன்னிப்புக் கேட்டான்.

கேற் மூடிக்கொண்டது.

பின்னாளில் வெளிநாட்டில் பழைய நேயர்கள் கூடும்போதெல்லாம் அங்கிளின் பேச்சு வரும். எங்களுக்கு இடுப்பை ஆட்டப் பழக்கியதே அந்த மனிசன்தான் என்று பல் விழுந்த ஒருவர் சொல்வார், எல்லாரும் சிரிப்பார்கள். அவள் யோலண்ட் கதையைச் சொல்வாள். கைதட்டுவார்கள். சிலர் கண்ணைத் துடைப்பார்கள்.

அவள் அதோடு நிறுத்திக்கொள்வாள்.

அன்றைக்கு அதன் பிறகு பாட்டே வரவில்லை.

அங்கிள் இன்னொரு முகவரி வாசித்தார். பெயர் பெர்சி என்றார். அது பரமநாதன் வீடு. புதன்கிழமைகளில் கேட்டுக் கேட்டு அவளுக்கு எல்லா முகவரிகளும் மனப்பாடம். இன்னொன்று வாசித்தார். டெய்சி என்றார். அது தெய்வானை வீடு.

தெய்வானைக்குப் பிறந்தநாள் கார்த்திகையில். இது வைகாசி.

அவளுக்கு விளங்கிவிட்டது. தமிழ் வீடுகளின் பழைய அட்டைகளையெல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு, பறங்கிப் பெயராக மாற்றி வாசிக்கிறார்.

அவர் குரல் வேகமெடுத்தது. மூச்சு வாங்கியது. அவருக்குப் பின்னால் யாரோ கதவைப் போட்டு இடித்தார்கள். அவர் நிறுத்தவில்லை. ஒரு வீடு, ஒரு பெயர். ஒரு வீடு, ஒரு பெயர்.

இலக்கம் பதினேழு என்றார். ஸ்டேஷன் ஒழுங்கை என்றார்.

திலகாவின் வீடு.

மௌனம்.

அவள் காத்திருந்தாள்.

வானொலி கரகரத்தது. பிறகு வேறொரு குரல் வந்து நிதானமாகச் செய்தி வாசிக்கத் தொடங்கியது.

"தெல்மா," என்றாள் அவள். அம்மாவின் உள்ளங்கைக்குள்ளேயே சொன்னாள். "தெல்மா. தெல்மா. தெல்மா."

"சத்தம் போடாதை," என்றாள் அம்மா. "ஆரடி தெல்மா?"