நூற்றில் ஒரு மாதம்

“எம்புட்டும்மா போச்சு?” சுவரைப் பார்த்தபடியே கேட்டார் கந்தவேல்.

“நூறு ரூவாய்க்கு நாப்பது ரூவாப்பா.” சொன்ன குரல் தன்னுடையதுதானா என்று மகள் சௌம்யாவுக்கே சந்தேகமாக இருந்தது. சென்னையில் மியூச்சுவல் ஃபண்ட் கம்பெனி ஒன்றில், பங்குச் சந்தை படுத்தால் பணம் எவ்வளவு மோசமாகச் சரியும் என்று அளந்து சொல்வதுதான் அவள் வேலை. ஃபண்ட் விழுந்ததிலிருந்து அவளுக்குப் பசிக்கவில்லை, அழுகையும் வரவில்லை.

காலையில் சொந்த ஊரான வில்பட்டியில் பஸ்ஸை விட்டு இறங்கியபோதும் எதுவும் உறைக்கவில்லை. ‘எப்ப புள்ள வந்த?’ என்று ஓடிவரும் டீக்கடைக் குப்பம்மாள் இன்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சௌம்யா தன் பாட்டுக்கு நடந்து வந்துவிட்டாள்.

சித்திரைத் திருவிழாவுக்கு வந்தபோது, விருந்துக்கு வந்திருந்த ஊர்க்காரர்கள் நடுவில் வைத்துத்தான் அப்பாவிடம் சொல்லியிருந்தாள். “பூண்டுத் தோட்டத்தை வித்து எங்க ஃபண்டுல போடுங்கப்பா. எம்புட்டு மோசமான மாசத்துலயும் நூத்துக்கு அஞ்சு ரூவாய்க்கு மேல எறங்காது. அளந்தது நான்தான்.”

அடுத்த மாதமே அப்பா போனில், “போட்டுட்டேன் தாயி” என்றார்.

“நான் பொய் சொல்லலப்பா,” என்றாள் இப்போது. “ நூறு மாசத்துல தொண்ணூத்தொம்பது மாசம் அஞ்சைத் தாண்டாது. மிச்சம் ஒரு மாசம் வந்தா எம்புட்டு ஆழத்துக்குப் போகும்னு நான் அளக்கவே இல்ல.”

“அந்த மாசந்தான் இதா?”

“ஆமாப்பா.”

கந்தவேல் தலையை ஆட்டினார். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. இருவருமே எழுந்திருக்கவில்லை.

“தோட்டம் போச்சேப்பா... என்னைய ரெண்டு வார்த்தை திட்டிப்புடுங்க.”

“தோட்டம் எங்க போச்சு? அங்கனயேதான் கெடக்கு. விக்க மனசு வரல. நீ சங்கடப்படுவேன்னு, போட்டுட்டேன்னு சொல்லி வச்சேன்.”

சௌம்யா அவரையே பார்த்தாள். மரத்துப்போன காலில் மெல்ல ரத்தம் ஓடுவதுபோல் இருந்தது. முதல்முறையாகக் கண் நிறைந்தது.

“அப்புறம் எதுக்குப்பா எழவு வீடு மாதிரி இப்படி உக்காந்திருக்கீங்க?”

கந்தவேல் எழுந்துபோய்த் தெருக்கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“வில்பட்டியில போடாதவன் நான் ஒருத்தன்தான் தாயி.”