கனகமணி நெல்

“கனகமணி நெல் விதைச்சிருக்கிறியளோ, அண்ணை?” என்று நடராசா கேட்டபோது, இளையதம்பியின் கண் வேலிக்கு அப்பால் வீரகத்தியின் வைக்கோற் போரில் நின்றது. தன்னுடையதைவிட அது உயரம். வேண்டுமென்றேதான் அவன் அதை வேலிக்கரையில் குவித்திருக்கிறான்.

நடராசா முல்லைத்தீவிலிருந்து வந்த விவசாயக் கந்தோர் உத்தியோகத்தர், வயது குறைந்தவர். எந்தப் புதுநெல் எந்த வயலுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது என்று மாவட்டம் முழுவதும் விசாரிக்கப் போகிறார்களாம். கேள்விகள் அச்சுக்குப் போகுமுன், சனம் எப்படிப் பதில் சொல்கிறது என்று இந்தக் குடியேற்றத்தில் கேட்டுப் பார்க்கிறார்களாம்.

இதையெல்லாம் இளையதம்பி ஒரு காதால் வாங்கி மறு காதால் விட்டுவிட்டார். மனதில் தங்கியது ஒன்றுதான். பதில்களைப் பார்த்து ஒருவரைத் தெரிவுசெய்து, அவருடைய வயலை மாதிரி வயல் ஆக்கி, ரோட்டோரம் பெயர்ப்பலகை நடுவார்கள்.

முள்ளியவளைக்குப் போகிற வருகிற சனமெல்லாம் பார்க்க, அந்தப் பலகையில் ‘வீரகத்தி’ என்று கொட்டை எழுத்தில் இருந்தால், இளையதம்பி அந்த ரோட்டால் இனிச் சைக்கிள் ஓடின மாதிரித்தான். இருவருக்கும் யாழ்ப்பாணத்தில் ஒரே ஊர். இங்கே அரசாங்கக் காணி கிடைத்ததும் ஒரே நாளில், பக்கத்துப் பக்கத்தில். ஆனால் மாடு ஈன்றால் அவனுக்குப் பசுக்கன்று, இவருக்கு நாம்பன். வாய்க்கால் தண்ணீர்கூட அவன் பக்கம்தான் முதலில் திரும்புகிறது என்று இவருக்கு ஒரு பொருமல்.

எச்-4 நெல், அமோனியா உரம் எல்லாம் கேட்டு முடித்துத்தான் நடராசா இந்தக் கேள்விக்கு வந்திருந்தார். கனகமணி என்ற பெயரை இளையதம்பி அன்றுதான் கேள்விப்படுகிறார். ஆனால் நடராசா நேரே வீரகத்தியின் வீட்டிலிருந்தல்லவா வருகிறார். அங்கே தேத்தண்ணி குடித்து, சாவகாசமாகக் கதைத்து, சிரித்துக்கொண்டு வெளியே வந்ததை இவர் வேலியால் பார்த்துக்கொண்டுதான் நின்றார். அவன் இல்லையென்றா சொல்லியிருப்பான்?

“விதைச்சனான். போன காலபோகத்துக்கு.”

“விளைச்சல் எப்பிடி?”

“சொல்லி வேலையில்லை. ஒவ்வொரு மணியும் பொன்தான்.”

நடராசா எழுதிக்கொண்டார். அடுத்த கிழமை திரும்பி வருவதாகவும், அப்போது அந்த நெல்லில் ஒரு கைப்பிடி காட்டினால் நல்லது என்றும் சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறினார்.

இளையதம்பிக்கு அப்போதுதான் வியர்த்தது. ஊரில் நாலு பேரிடம் விசாரித்தால், சொன்னது பொய் என்று ஊருக்கே தெரிந்துவிடும். வீரகத்தியிடம் கேட்டால் வீரகத்தியோடு போய்விடும். ஆனாலும் அந்த வேலிப் படலையைத் திறக்க அவருக்கு நாலு நாள் பிடித்தது.

“கனகமணியில ஒரு கைப்பிடி தாரும். என்ரையை எலி திண்டிட்டுது.”

வீரகத்தி வாயெல்லாம் பல்லாக, “அதுக்கென்ன, இருக்கும்” என்று உள்ளே போனார். திரும்பி வர நேரம் எடுத்தது. வந்தபோது நெல்லை வாழையிலையில் பக்குவமாகச் சுற்றிக் கொடுத்தார். ஒரு குத்தல் கதையில்லை, நக்கல் சிரிப்பில்லை. திட்டியிருந்தால்கூட இளையதம்பி தாங்கியிருப்பார். அந்தப் பெருந்தன்மைதான் அவருக்கு எரிச்சலைக் கிளப்பியது.

வீட்டில் மனைவி நேசமலர் இலையை விரித்து ஒரு மணியைக் கடித்துப் பார்த்தாள்.

“இது எங்கட சாக்கில இருக்கிற நெல்லு மாதிரியெல்லோ கிடக்கு.”

நெல்லைப் பற்றி உனக்கென்ன தெரியும் என்று அவர் அவள்மேல் சீறி விழுந்தார். அந்த வீட்டு நெல்லும் இந்த வீட்டு நெல்லும் ஒன்று என்று சொல்வதே அவருக்குப் பொறுக்கவில்லை.

சொன்னபடி நடராசா வந்தார். ஆனால் சைக்கிள் படலையில் நிற்காமல் தாண்டிப் போனது. பின்னால் கரியரில் பலகை கட்டியிருந்தது.

இளையதம்பி நெல்லை மடியில் முடிந்துகொண்டு பின்னாலேயே ஓடினார். சைக்கிள் வீரகத்தியின் வயலையும் தாண்டிப் போவதைக் கண்டதும் அவருக்குப் பாதி எரிச்சல் அடங்கிவிட்டது. வளைவில், புருஷன் செத்தபிறகு தனியே கமஞ்செய்யும் இரஞ்சிதத்தின் வயலோரம் போய் அது நின்றது. இவர் மூச்சு வாங்க வந்து சேர்ந்தபோது, நடராசா பலகையை ஊன்றி மண்ணை மிதித்துக்கொண்டிருந்தார்.

அடங்கின எரிச்சல் இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது.

“இரஞ்சிதத்துக்கோ? கனகமணியெண்டா என்னெண்டே அவாவுக்குத் தெரியாதே, ஐயா.”

“ஓம், அண்ணை. கேட்டனான். தெரியாதெண்டுதான் அவா சொன்னவா.”

“விதைச்சவன் நான் நிக்கிறன். தெரியாத ஆளுக்குப் பலகையோ?” இளையதம்பி மடியை அவிழ்த்து, வீரகத்தி தந்த நெல்லை நடராசாவின் முகத்துக்கு நேரே நீட்டினார். “பாருங்கோ, இதுதான் கனகமணி.”

நடராசா அந்தக் கைப்பிடி நெல்லையும் அவருடைய முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அப்பிடியொரு நெல்லே இல்லை, அண்ணை, ஆர் பொய் சொல்லினமெண்டு பாக்க நான் வைச்ச பேர்.”