காணாமல் போன பாதி

“மருந்து ரூமுகளுக்கு நடுவுல எடம் சும்மாதான கெடக்கு, கோட்டைச்சாமி? அந்த எடத்துல ரெண்டு ரூமு எழுப்பிரு. தீவாளி லோடு ஏறணும்ல. நாளைக்கே கொத்தனாரை வரச் சொல்லு.”

பட்டாசு ஆலை ஃபோர்மேனிடம் போனில் பேசி முடித்த லட்சுமிகாந்தம், அதே சூட்டில் செல்வக்குமார் பக்கம் திரும்பினார்.

“ஏலே, பாதியைக் காணோம்ங்கிறாரு மேனேஜரு. என்னலே நடக்குது?”

அவருக்கு சிவகாசியில் அச்சகம், எம். புதுப்பட்டியில் பட்டாசு ஆலை. அச்சகத்துக் கம்ப்யூட்டர்கள் செல்வக்குமாரின் பொறுப்பு. வீட்டில் முதல் பட்டதாரி. வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம். அம்மா வள்ளித்தாய்க்கு இதே முதலாளியின் புதுப்பட்டி ஆலையில், வெடிமருந்து அடைக்கும் மருந்து ரூமில் வேலை. மகனுக்கு வேலை கிடைத்த அன்று தெரு முழுக்கக் காராச்சேவு கொடுத்தவள்.

மேனேஜர் சங்கரலிங்கம் பில்லை ஆட்டிக் காட்டினார். “ஆயிரம் ஜி.பி.ன்னு பில்லு போட்டிருக்கு. ஸ்கிரீன்ல ஐநூறுதான் தெரியுது. சர்வரை மாட்ட வந்தாளே மதுரைக் கம்பெனிப் பொண்ணு, அவ பாதியை முழுங்கிட்டா அண்ணாச்சி.”

“இனி ஊர்ல எந்தப் பிரஸ்ஸுலயும் அவ கால் வைக்கக் கூடாது. நான் சொல்லிப்புடுறேன் எல்லாருக்கும்!” என்று இரைந்தார் லட்சுமிகாந்தம்.

பாதி எங்கே போனது என்று செல்வக்குமாருக்குத் தெரியாது. ஆனால் வேறொன்று தெரியும்.

அந்த ஒரே சர்வருக்குள் ஆறு கம்ப்யூட்டர்கள் தனித்தனியாக ஓடின. பில் போட ஒன்று, டிசைன் வைக்க ஒன்று என்று. 2009 காலண்டர் படங்களுக்காக இன்று காலை நானூறு ஜி.பி.யில் ஒரு டிஸ்க் உருவாக்கப் பார்த்தான். சர்வர் மறுத்துவிட்டது. அதைப் பார்க்க வந்த மேனேஜர் கண்ணில்தான் அந்த ஐநூறு பட்டது.

மறுத்ததற்குக் காரணம் இவன்தான். சேமிப்பிடத்தை முதலில் தயார் செய்யும்போது, இடத்தை எவ்வளவு பெரிய துண்டுகளாகப் பிரிப்பது, அதாவது பிளாக் சைஸ் எவ்வளவு என்று சர்வர் கேட்கும். ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு எம்.பி. இவன் ஒன்று வைத்தான். ஒன்று வைத்தால் எந்த ஃபைலும் 256 ஜி.பி.யைத் தாண்டாது; இவன் கேட்ட டிஸ்க்கும் சர்வருக்கு ஒரு ஃபைல்தான். பிறகு மாற்றவும் முடியாது. எல்லாவற்றையும் அழித்துத்தான் புதிதாகத் தொடங்க வேண்டும்.

சீசன் நேரத்தில் பிரஸ் நின்றால் இவன் வேலை இருக்காது.

பேப்பர் கட்டுகளுக்குப் பின்னால் போய் நின்று, சர்வரை மாட்டிவிட்டுப் போன யோகேஸ்வரிக்குப் போன் செய்தான்.

“மேடம், பாதி டிஸ்க் தெரியல. இங்க உங்களைத் திருடிங்கிறாங்க.”

மறுமுனையில் சின்னச் சிரிப்பு. “நான்தான் அதைச் சேர்க்கலை. பிளாக் சைஸ் ஒண்ணு வெச்சீங்களே, ஞாபகம் இருக்கா? ஏன்னு கேட்டதுக்கு என்ன சொன்னீங்க?”

“பட்டாசு ரூமு மாதிரி மேடம்… சின்னதா இருந்தா, வெடிச்சாலும் சேதம் கம்மின்னு.”

“உங்க முதலாளி பக்கத்துல நின்னு, ‘எல்லாம் எங்க பையன்தான் செட் பண்றான்’னு வந்த பார்ட்டிகிட்ட பெருமை அடிச்சிட்டு இருந்தாரு. அப்ப தப்புன்னு சொல்ல எனக்கு வாய் வரலை. அதான் பாதியைக் காலியா விட்டேன். அடுத்த மாசம் சர்வீஸுக்கு வந்து மாத்திரலாம்னு பார்த்தா, கோயம்புத்தூருக்கு அனுப்பிட்டாங்க.”

“இப்ப என்ன மேடம் செய்ய?”

“அந்தப் பாதியில பிளாக் சைஸை நாலா வெச்சு, எல்லாத்தையும் அங்க நகர்த்துங்க. எதையும் நிறுத்த வேண்டாம். முதலாளிகிட்ட, யோகேஸ்வரி இணைக்க மறந்துட்டான்னு சொல்லிருங்க. எனக்கு வேற ஊரு இருக்கு.”

“பாதியைக் காலியா விடணும்னு எப்படி மேடம் தோணுச்சு?”

“நானும் பட்டாசு ஊருதான், ஏழாயிரம்பண்ணை. எங்கம்மாவும் பட்டாசு ரூமுதான்” என்று தொடங்கி, காரணத்தை இரண்டு வரியில் சொல்லிவிட்டு வைத்தாள்.

உடனே தொடங்கினான். முதலில் பில் கம்ப்யூட்டர். அது இடம் மாறிக்கொண்டிருக்கும்போதே, வெளியே பாண்டிச்செல்வி பில் அடித்துக்கொண்டிருந்தாள். ஒரு எழுத்துகூடத் தடுமாறவில்லை. அச்சு ஓடிக்கொண்டிருக்கும்போதே மிஷினை அலுங்காமல் அடுத்த கட்டடத்தில் கொண்டுபோய் வைத்தது போல இருந்தது. செல்வக்குமாருக்கு உடம்பு சிலிர்த்தது.

லட்சுமிகாந்தமும் வந்து நின்றவர் நகரவில்லை. “அங்கன இருந்ததா இங்கன வந்துச்சு? ஒண்ணும் நிக்கலையேலே!”

சாயங்காலத்துக்குள் ஆறும் இடம் மாறின. பழைய பாதியைத் துடைத்துப் புதியதோடு சேர்த்தான். ஸ்கிரீனில் ஆயிரம் வந்தது. நானூறு கேட்டான், சர்வர் கொடுத்தது.

“அந்தப் பொண்ணுகிட்ட கேட்டியாலே? என்ன சொன்னா?” என்றார் லட்சுமிகாந்தம்.

“மறந்துட்டேன்னு…” செல்வக்குமார் ஸ்கிரீனிலிருந்து அவர் பக்கம் திரும்பினான். “அப்படிச் சொல்லச் சொன்னாக அண்ணாச்சி. ஆனா அவக மறக்கல. தப்புப் பண்ணது நான்.”

எல்லாவற்றையும் சொன்னான்.

“அப்ப பாதியை எதுக்கு ஒளிச்சு வெச்சா?”

“ஒளிக்கல அண்ணாச்சி. ரூமு சின்னதா இருந்தா மட்டும் பத்தாதாம். ஒண்ணு போனாலும் பக்கத்து ரூமுல இருக்கிறவக பிழைக்கணும்னா, நடுவுல எடம் சும்மா கெடக்கணுமாம். நான் ரூமை மட்டும் பாத்தேன். அவக எடத்தையும் பாத்திருக்காக.”

“சீசன் நேரத்துல இப்படி ஒருத்தனை வெச்சுக்கிட்டு…” என்று தொடங்கிய சங்கரலிங்கத்தை லட்சுமிகாந்தம் கையைக் காட்டி நிறுத்தினார். ஏ.சி. ரூமில் அவர் நெற்றி வேர்த்திருந்தது.

செல்போனை எடுத்தார். தன் கணக்கை முடிக்கத்தான் என்று செல்வக்குமார் தலையைக் குனிந்துகொண்டான்.

“கோட்டைச்சாமி, நாளைக்குக் கொத்தனார் வர வேண்டாம். அந்த எடம் சும்மாவே கெடக்கட்டும்.”