வாசலில் ஒரு மீன் கூடை

"காமு, அந்த மீன் கூடையை வாசல்ல மாட்டு! வரவா கண்ணுல நன்னாப் படணும்."

மீன் என்ற பேச்சைக் கேட்டாலே குளிக்கக் கிளம்பிவிடும் வெங்கடராமன்தான் இப்படிக் கத்தினார். பக்கத்து வீட்டு வங்காளி மாமியிடம் இரவல் வாங்கிய காலிக் கூடையை, மூக்கைப் பொத்திக்கொண்டு, குச்சி நுனியில் தூக்கி வந்தாள் அவர் மனைவி காமு.

"கழுவின கூடைதானேடி. ஒரு மணி நேரம். அப்புறம் திருப்பிக் குடுத்துடலாம்."

காமுவுக்கு அழுகை முட்டியது. கல்கத்தா பவானிபூரில் அந்த வீட்டில் ஆறு குடித்தனத்துக்கும் ஒரே குழாய். அந்தக் குழாயடியில்தான் மற்ற ஐந்து குடித்தனமும் மீன் அலம்பும். ஐந்து வருஷமாக அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

இப்போதுதான் விடிவு வந்திருந்தது. இரண்டு தெரு தள்ளி, மாடியில் இரண்டு அறை, தனிக் குழாய். ஆற்றுக்கு அக்கரையில் சாந்த்ராகாச்சியில் ரயில்வே வேலை பார்க்கும் திருவேங்கடத்தின் வீடு. மீன் வாடை அறியாத குடும்பம் கிடைக்கும்வரை பூட்டியே கிடக்கட்டும் என்று இரண்டு வருஷம் பிடிவாதமாக இருந்தவர். 'வெள்ளிக்கிழமை என் பையன் வந்து உங்களைப் பார்த்துவிட்டுச் சாவி தருவான்' என்று கடுதாசி போட்டிருந்தார்.

அந்தச் சந்தோஷத்தில் மண்ணைப் போட்டவர் ஆபீஸ் சிநேகிதர் பட்டாபிராமன்.

"ஓய், ஒரு காலேஜ் புரொபசர் ஆராய்ச்சி பண்றாராம். வெளியூர்லேர்ந்து கல்கத்தாவுக்கு வந்தவா இந்த ஊரோட எவ்வளவு ஒட்டியிருக்கான்னு வீடு வீடா ஆள் விட்டுக் கேக்கறார். ஞாயித்துக்கிழமை உம்ம தெருவுக்கு வரான். நம்ம தொரை அவருக்கு சிநேகிதர். ஒட்டாதவாளையெல்லாம் பொறுக்கி ரங்கூன் கிளைக்குக் கப்பலேத்தப் போறாராம்!"

ரங்கூன் போனால் வீடாவது, குழாயாவது! அன்று ராத்திரி வெங்கடராமனுக்குச் சாதம் இறங்கவில்லை. கூடை யோசனை அப்போது உதித்ததுதான்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு புரொபசரின் ஆள் வந்துவிட்டான். கிராப்புத் தலை, வங்காளிக் கட்டு வேஷ்டி, கக்கத்தில் நோட்டு. தொங்கிய கூடையை ஒரு தரம் பார்த்தான், வெங்கடராமனை ஒரு தரம் பார்த்தான். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து பாயில் உட்கார்ந்தான். யாராக இருந்தாலும் பேரும் ஊரும் விசாரிக்காமல் விடாத வெங்கடராமன், அன்றைக்கு "வாங்க பாபு, வாங்க பாபு" என்று குழைந்ததோடு சரி.

"உங்களுக்கு வங்காளி எவ்வளவு வருகிறது என்பதுதான் முதல் கேள்வி. அதனால் எல்லாவற்றையும் வங்காளியிலேயே கேட்கச் சொல்லி புரொபசர் உத்தரவு" என்றான் வங்காளியில்.

வெயிலில் வந்த மனிதன். காமு கொடுத்த சொம்பை அண்ணாந்து தூக்கி, உதட்டில் படாமல், சொட்டுச் சிந்தாமல் குடித்து முடித்துவிட்டு நோட்டைப் பிரித்தான்.

"சொந்த ஊருக்குத் திரும்பிப் போகும் எண்ணம் உண்டா?"

"எதற்கு? இதுதான் எங்கள் ஊர்!" வெங்கடராமனின் வங்காளி தட்டுத் தடுமாறி வந்தது. உள்ளே ஒரு பாத்திரம் ணங்கென்று விழுந்தது.

"மீன் சாப்பிடுவதுண்டா?"

"மீன் இல்லாவிட்டால் சாப்பாடே கிடையாது. அதிலும் இலிஷ் மீன் என்றால் உயிர்!"

காமுவால் பொறுக்க முடியவில்லை. "இந்தப் பொய்க்கு எந்தக் கங்கையில முழுகறது?" என்றாள் தமிழில்.

"சும்மா இருடி. இவனுக்குத் தமிழா தெரியப்போறது? உனக்குத் தனிக் குழாய் வேணுமா, வேண்டாமா?"

ஆள் தலையைக் குனிந்துகொண்டு மும்முரமாக எழுதினான். பிறகு நிமிர்ந்து, "இலிஷை எப்படிச் சமைப்பீர்கள்?" என்று கேட்டான்.

வெங்கடராமன் திருதிருவென்று விழித்தார். குழாய் என்ற வார்த்தை காதில் விழுந்ததாலோ என்னவோ, காமு பல்லைக் கடித்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த வங்காளியில் ஆரம்பித்தாள். "தோலைச் சீவி, விதையை எடுத்துவிட்டு, துவரம்பருப்போடு வேகவைத்து, புளி கரைத்து விட்டு, கடைசியில் கொஞ்சம் பெருங்காயம்..."

ஆளுக்குத் திடீரென்று புரை ஏறியது. இருமி இருமிக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இன்னொரு சொம்பு தண்ணீர் குடித்த பிறகுதான் அடங்கியது.

"ரொம்பச் சந்தோஷம்" என்று நோட்டை மூடினான். "ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். இதில் நாங்கள் யார் பேரையும் எழுதுவதில்லை. புரொபசரைத் தவிர வேறு யாரும், எந்த ஆபீஸ் துரையும், இதைப் பார்க்க முடியாது."

வெங்கடராமன் அப்படியே தூணில் சாய்ந்துவிட்டார். "அப்போ ரங்கூன்..?" என்று தமிழில் முனகினார். பட்டாபிராமன் மட்டும் அப்போது கையில் கிடைத்திருந்தால் கதையே வேறு.

ஆள் வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டான். கூடையை இன்னொரு தரம் பார்த்தான். அப்புறம் காமுவின் பக்கம் திரும்பினான்.

"வெள்ளிக்கிழமை சாவி கொண்டுவரேன் மாமி, அதுக்குள்ள இந்தக் கூடையைக் கழட்டிடுங்கோ!"